கிடாருக்கும் கிக்குக்கும் ஒரே இடம் போதாது

கேள்வி: எங்கள் ராக் குழுவுக்கு எட்டு வயது. டிஸ்டார்ஷன் (ஒலியைக் கரகரப்பாக்கும் எஃபெக்ட்) போட்ட கிடார்தான் எங்கள் அடையாளம். புதிய பாடல்களில் எலக்ட்ரானிக் டான்ஸ் பீட் சேர்த்துப் பதிவு செய்தேன். இரண்டு பாடல்களை ஒட்டவைத்தது போல் இருக்கிறது, கிடாரும் அமுங்கிப்போகிறது. டோனையே மாற்றிவிட வேண்டுமா?

பதில்: டோனில் கைவைக்காதீர்கள். கேட்பவர்கள் உங்களை இனம் கண்டுகொள்வதே அதை வைத்துத்தான். நீங்கள் விட்டுக்கொடுக்க வேண்டியது கீழ் அலைவரிசையையும் கொஞ்சம் இடைவெளியையும்தான்.

டான்ஸ் கிக்கின் (பீட்டில் 'தும்' என்று விழும் பெரிய டிரம் ஒலி) உயிர் பெரும்பாலும் 50, 60 ஹெர்ட்ஸ் பக்கம் இருக்கிறது. கிடாரின் தடித்த ஈ கம்பி 82 ஹெர்ட்ஸில் தொடங்குகிறது. பேஸ் கிடாரும் சிந்த் பேஸும் (சிந்தசைசரில் உருவாக்கும் பேஸ்) அதே இடத்தில் நுழைந்தால் நான்கும் ஒன்றையொன்று மறைக்கும். ஈக்யூவில் (அலைவரிசைகளைக் கூட்டிக் குறைக்கும் கருவி) கிடாரை 120 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டுங்கள். தனியாகக் கேட்டால் மெலிந்து போனதாகத் தோன்றும். பயந்து பழையபடி திருப்பிவிடாதீர்கள், பீட்டோடு சேர்த்துக் கேட்டு முடிவு செய்யுங்கள். ஒரு பகுதியில் பேஸ் கிடார் வாசித்தால் அங்கே சிந்த் பேஸ் வேண்டாம்.

அடுத்து சைட்செயின், அதாவது ஒரு ஒலி விழும்போது இன்னொன்று தானாக இறங்கும்படி செய்வது. கிடார் டிராக்கில் ஒலியின் அளவை அடக்கும் கம்ப்ரசர் ஒன்றைப் போட்டு, கிக் விழும்போதெல்லாம் அது கிடாரை 3, 4 டெசிபல் இறக்கும்படி செய்யுங்கள். ரேஷியோ (எவ்வளவு அடக்குவது) 4:1, அட்டாக் (அடக்க எடுக்கும் நேரம்) 1 மில்லிசெகண்ட், ரிலீஸ் (பழைய அளவுக்குத் திரும்பும் நேரம்) 150 என்று தொடங்கலாம். 125 பிபிஎம்மில் (நிமிடத்துக்கு 125 பீட்) இரண்டு கிக்குகளுக்கு நடுவே 480 மில்லிசெகண்ட்; பாதி வழியில், 240-இல், வரும் ஆஃப்பீட்டுக்குள் கிடார் பழைய அளவுக்கு ஏறியிருக்க வேண்டும். ரிலீஸை நீட்டினால் கிடார் எழவே எழாது. கம்ப்ரசர் டிஸ்டார்ஷனுக்குப் பின்னால்தான் வர வேண்டும். முன்னால் வைத்தால், இறக்கிய ஒலியை டிஸ்டார்ஷன் மறுபடி தூக்கிச் சமமாக்கிவிடும்.

'ஒட்டவைத்தது போல்' என்கிறீர்களே, அதற்குப் பெரும்பாலும் கிடாரின் எதிரொலி எஃபெக்டான டிலேதான் காரணம். 125 பிபிஎம்மில் புள்ளி வைத்த எட்டாம் சுரத்துக்கு (முக்கால் பீட்) 360 மில்லிசெகண்ட். பெடல் பழைய பாடலின் 400-இலேயே இருந்தால் முதல் எதிரொலி 40 பிந்தும், இரண்டாவது 80, மூன்றாவது 120. அது முழுசாக ஒரு பதினாறாம் சுரம் (கால் பீட்)! மனித டிரம்மர் கொஞ்சம் நெளிந்துகொடுப்பார், மெஷின் கொடுக்காது. அதனால் டெம்போவைக் கணக்கிட்டு எண்ணாகவே போடுங்கள், காலால் தட்டி அமைக்க வேண்டாம்.

கம்பிகளை அரை ஸ்வரம் இறக்கி வாசிக்கும் குழுவா? லூப் (திரும்பத் திரும்ப ஓடும் துண்டு), சிந்த் எல்லாவற்றையும் ஒரு செமிடோன் இறக்குங்கள். கிக்குக்குச் சுருதி தெளிவாகக் கேட்டால் அதையும் பாடலின் சுருதிக்கு இழுங்கள்.

வாசிப்பில் ஒரே மாற்றம்: பார் (ஒரு தாளச் சுற்று) முழுக்க ஒலிக்கும் திறந்த கார்டுகளை பீட் நிற்கும் இடங்களுக்கு ஒதுக்கிவையுங்கள். கிக் ஓடும்போது உள்ளங்கையால் அமுக்கிய குட்டை ரிஃப் (திரும்பத் திரும்ப வரும் கிடார் வரி). அதன் வெட்டுகள் ஆஃப்பீட்டில் விழட்டும். அமுக்கி வாசிக்கும் ரிஃப் ஏற்கெனவே உள்ள பழைய பாடல் ஒன்றில் முதலில் முயன்று பாருங்கள்.

மேடைக்கு லேப்டாப்பின் இடது சேனலில் கிளிக் (தாளம் காட்டும் டிக்-டிக் ஒலி), வலதில் பீட் ஓடும் மோனோ டிராக். கிளிக் டிரம்மரின் காதுக்கு மட்டும். இரண்டு சேனலையும் ஒன்றாக்கும் கேபிளைத் தவறிச் செருகினால் கிளிக் அரங்கம் முழுக்கக் கேட்கும். அதனால் ஒத்திகையிலேயே இரண்டு கேபிளுக்கும் வேறு வேறு நிற டேப் சுற்றிவிடுங்கள்.