அப்பாவின் உள்ளங்கால் புண் ஏன் ஆறவில்லை?

கேள்வி: என் அப்பாவுக்கு 64 வயது. 15 ஆண்டுகளாகச் சர்க்கரை நோய் இருக்கிறது. பெருவிரலுக்குக் கீழே, உள்ளங்காலில் இரண்டு மாதமாக ஒரு புண். தினமும் சுத்தம் செய்து, களிம்பு தடவிக் கட்டுகிறோம். காய்வது போல வந்து மறுபடி திறந்துகொள்கிறது. வலியே இல்லை என்று அவர் வழக்கம்போல நடக்கிறார். வேறு நல்ல மருந்து உண்டா?

பதில்: வலியே இல்லை என்று நடக்கிறார் என்கிறீர்களே, புண் ஆறாததற்கு முதலில் சந்தேகப்பட வேண்டிய காரணம் அதுதான். பல ஆண்டுச் சர்க்கரை பாத நரம்புகளை மரத்துப்போக வைத்துவிடும். நம் காலில் சிறு கொப்புளம் வந்தாலே நம்மை அறியாமல் நொண்டுவோம், அந்த இடத்தில் பாரம் விழாமல் பார்த்துக்கொள்வோம். உங்கள் அப்பாவின் பாதத்துக்கு அந்த எச்சரிக்கை போய்ச் சேருவதில்லை. ஒவ்வொரு அடியிலும் உடல் எடை அதே இடத்தில் விழுகிறது. இரவில் வளரும் புதுத் தோல் மறுநாள் நடையில் நசுங்கிப் போகிறது. பால் பிராண்ட் என்ற அறுவை மருத்துவர் தொழுநோயாளிகளிடம் கண்டதும் இதைத்தான்: நோய் சதையைத் தானாக அழுகச் செய்வதில்லை, உணர்ச்சியற்ற காலை ஓயாமல் பயன்படுத்துவதுதான் புண்ணாக்குகிறது. அந்தப் பாடம் பிறகு சர்க்கரை நோயாளிகளின் பாதங்களுக்கும் உதவியது.

ஆகவே வேறு களிம்பு தேடாதீர்கள். பாரத்தை எடுப்பதுதான் முக்கியமான மருந்து. இதற்குச் சிறந்த வழி, பாதத்தையும் கெண்டைக்காலையும் ஒட்டினாற்போல் சுற்றிப் போடும் ஒருவகை மாவுக்கட்டு. எடையை அது பாதம் முழுவதற்கும் காலுக்குமாகப் பிரித்துக் கொடுக்கும். முழங்கால் வரை வரும் காலணியும் உண்டு. ஆனால், கழற்ற முடிகிற எதையும் வீட்டுக்குள் கழற்றி வைத்துவிடுவார்கள். 'குளியலறைக்குத்தானே' என்று நடக்கும் பத்து அடிகளும் புண்ணின் மேல்தான் விழுகின்றன. அதனால்தான் கழற்ற முடியாத கட்டை நான் விரும்புகிறேன். ஆனால் ஒன்று, ரத்த ஓட்டம் மிகவும் குறைந்திருந்தாலோ கடுமையான கிருமித்தொற்று இருந்தாலோ இந்தக் கட்டு போடக் கூடாது. முதலில் அவற்றைப் பார்க்க வேண்டும்.

ரத்த ஓட்டத்தை அறிய, கணுக்காலில் எடுக்கும் ரத்த அழுத்தத்தைக் கையில் எடுப்பதோடு ஒப்பிடுவார்கள். சர்க்கரை நோயில் ரத்தக் குழாய்கள் சுண்ணாம்பு படிந்து இறுகுவதால், அடைப்பு இருந்தாலும் இந்தக் கணக்கு சரியாக இருப்பது போலக் காட்டலாம். கால்விரலில் எடுக்கும் அழுத்தமும், ஒலியலையால் ரத்த ஓட்டத்தைப் பார்க்கும் டாப்ளர் பரிசோதனையும் அப்போது உதவும். அடைப்பு இருந்தால் அதைச் சரிசெய்யாமல் எந்தக் கட்டும் பலன் தராது.

இரண்டு மாதமாகிவிட்டதால் எலும்பையும் பார்க்க வேண்டும். மருத்துவர் மழுங்கிய கம்பியைப் புண்ணுக்குள் மெதுவாக விட்டுப் பார்ப்பார். எலும்பு தட்டுப்பட்டால் எலும்பிலும் தொற்று இருக்க வாய்ப்பு அதிகம். எக்ஸ்ரேயில் மாற்றம் தெரிய இரண்டு மூன்று வாரமாகும், எனவே ஆரம்ப எக்ஸ்ரே சரியாக இருந்தால் மட்டும் நிம்மதியடைய முடியாது. புண்ணைச் சுற்றிய காய்ப்பையும் இறந்த தோலையும் மருத்துவர் சீவி எடுப்பார். காய்ப்பு என்பது செருப்புக்குள் கிடக்கும் கல் மாதிரி, அடியில் இருக்கும் சதையை அழுத்திக்கொண்டே இருக்கும். வீட்டில் பிளேடு எடுக்காதீர்கள், ஆணிக்கால் பிளாஸ்திரியும் ஒட்டாதீர்கள். அதிலுள்ள அமிலம் நல்ல தோலையும் அரிக்கும்.

மாவுக்கட்டு போடாத நாட்களில், வீட்டில் புண்ணைச் சலைன் நீரால் கழுவி, மருத்துவர் சொன்ன கட்டைப் போட்டால் போதும். ஹைட்ரஜன் பெராக்சைடு நுரைப்பதைப் பார்த்துச் சுத்தமாகிறது என்று நினைக்கிறோம், ஆறவேண்டிய திசுவையும் அது பாதிக்கும். தொற்று இல்லாத புண்ணுக்கு ஆன்டிபயாடிக் தேவையில்லை. சர்க்கரையைக் கட்டுக்குள் வையுங்கள். புகைப்பழக்கம் இருந்தால் இன்றே நிறுத்தச் சொல்லுங்கள். பாரத்தை எடுத்து நான்கு வாரமாகியும் புண்ணின் பரப்பு பாதியாகக் குறையவில்லை என்றால் மறுபடி முதலிலிருந்து ஆராய வேண்டும்.

புண்ணைச் சுற்றிச் சிவப்பு பரவுவது, வீக்கம், சீழ், துர்நாற்றம், காய்ச்சல், விரல் கறுப்பது, காரணமில்லாமல் சர்க்கரை ஏறுவது, இவற்றில் எது வந்தாலும் அன்றே மருத்துவமனைக்குக் கிளம்புங்கள். காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று விடாதீர்கள். புண் இல்லாமலே பாதம் சூடாகி வீங்கினாலும் அப்படித்தான். உள்ளே எலும்புகள் நொறுங்கத் தொடங்கியிருக்கலாம்.

புண் ஆறிய பிறகும் கவனம் வேண்டும். ஆறியவர்களில் சுமார் 40 சதவீதத்தினருக்கு ஓராண்டுக்குள் மறுபடி வருகிறது. வீட்டுக்குள்ளும் வெறுங்காலோடு நடக்க வேண்டாம். செருப்போ ஷூவோ மாலையில் வாங்குங்கள், பாதம் அப்போதுதான் சற்று வீங்கியிருக்கும். போடும் முன் உள்ளே கையை விட்டுத் தடவிப் பாருங்கள். வெந்நீரில் காலை ஊறவைக்க வேண்டாம். வறண்ட பாதத்துக்குக் கிரீம் தடவலாம், விரல் இடுக்கில் வேண்டாம். நகத்தை நேராக வெட்டுங்கள்.

அப்புறம், புண் இல்லாத காலை மறந்துவிடாதீர்கள். அந்த நரம்புகளும் 15 ஆண்டு சர்க்கரையோடுதான் இருந்திருக்கின்றன. தினமும் இரவு இரண்டு உள்ளங்காலையும் நீங்களே வெளிச்சத்தில் பார்த்து, கையால் தொட்டுப் பாருங்கள். ஓரிடம் மட்டும் மற்ற பாதத்தைவிடச் சூடாக இருந்தால் அங்கே புண் வரப்போகிறது என்று எடுத்துக்கொண்டு, அந்தக் காலுக்கும் ஓய்வு கொடுத்து மருத்துவரிடம் காட்டுங்கள்.