தண்டனை முன்னால், தீர்ப்பு பின்னால்

அன்புள்ள எழுத்தாளருக்கு,

வணக்கம். பேசியதற்காக, எழுதியதற்காக ஒருவரை அவசரப்பட்டுக் கைது செய்யவோ வேலையிலிருந்து நீக்கவோ கூடாது என்று பேச்சுரிமை பற்றி நீங்கள் எழுதியதைப் படித்தேன். நான் தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். படிக்கும்போது எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது. ஆனால் ஒரு பள்ளியை நடத்துகிறவனுக்கு ஒழுங்கு முக்கியம் இல்லையா? ஒரு பதிவால் ஊரில் கலவரம் வரும் என்றால் போலீஸ் கைகட்டிக்கொண்டு நிற்க முடியுமா? வழக்கு தப்பு என்றால் நீதிமன்றம் விடுவித்துவிடப் போகிறது. அதேபோல, சம்பளம் கொடுக்கிற இடத்தைப் பற்றி வெளியே பேசுவதையும் என்னால் ஏற்க முடியவில்லை. எந்த உரிமைக்கும் எல்லை வேண்டாமா?

ஒரு வாசகர்,
திருநெல்வேலி

அன்புள்ள ஐயா,

எல்லை வேண்டும். அரசியல் சாசனம் 19(2)-ல் அதை எழுதியே வைத்திருக்கிறது. நாட்டின் பாதுகாப்பு, பொது ஒழுங்கு, அவதூறு, நீதிமன்ற அவமதிப்பு, குற்றத்துக்குத் தூண்டுதல் என்று போகிறது அந்தப் பட்டியல். எரிச்சலூட்டுவதும் மேலிடத்துக்குப் பிடிக்காமல் போவதும் அதில் கிடையாது. இதில் உங்களுக்கும் எனக்கும் பெரிய சண்டை இருக்காது. "நீதிமன்றம் விடுவித்துவிடப் போகிறது" என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த வரியைத்தான் என்னால் தாண்டிப் போக முடியவில்லை.

நீங்கள் பள்ளிக்கூடத்து மனிதர் என்பதால் அங்கிருந்தே தொடங்குகிறேன். கேரளத்தில் ஒரு பள்ளியில் யெகோவாவின் சாட்சிகள் என்ற கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்த மூன்று பிள்ளைகள் படித்தார்கள். காலையில் தேசிய கீதம் பாடும்போது மரியாதையாக எழுந்து நிற்பார்கள். பாட மட்டும் மாட்டார்கள், அவர்கள் மத நம்பிக்கை அப்படி. அவர்களுடைய அக்காமார்களும் அங்கே அப்படித்தான் நின்றார்கள், யாரும் பொருட்படுத்தியதில்லை. 1985 ஜூலையில் ஒரு சட்டமன்ற உறுப்பினர் இதைக் கவனித்துவிட்டு சட்டமன்றத்தில் கேள்வி எழுப்பினார். விசாரணைக்குக் குழு போட்டார்கள். பிள்ளைகள் ஒழுங்கானவர்கள், கீதத்தை அவமதிக்கவில்லை என்றே குழு சொன்னது. அப்படியும் அந்த மாதமே மூவரையும் பள்ளியிலிருந்து நீக்கினார்கள். அப்பா போய்க் கெஞ்சியபோது தலைமையாசிரியை, மேலிருந்து வந்த உத்தரவு, என் கையில் எதுவும் இல்லை என்றார்.

அந்த நாற்காலியில் உட்கார்ந்தவர் நீங்கள். அந்த அம்மையாரின் நிலை என்னைவிட உங்களுக்கு நன்றாகப் புரியும். பிள்ளைகள் மேல் அவருக்குக் கோபமே இருந்திருக்காது. நீக்கச் சொன்ன பள்ளித் துணை ஆய்வாளருக்கு மேலிடத்துப் பயம், இவருக்கு அந்த ஆய்வாளர் பயம். கேரள உயர் நீதிமன்றமும் கைவிட்டது. 1986 ஆகஸ்டில், ஒரு வருடத்துக்கு மேல் கழிந்தபிறகு, உச்ச நீதிமன்றம் அவர்களைத் திரும்பச் சேர்க்கச் சொன்னது. நீதிபதி சின்னப்ப ரெட்டி எழுதிய தீர்ப்பு அது. வாய் திறக்காமல் இருப்பதும் பேச்சுரிமைக்குள் வரும் என்று ஏற்றுக்கொண்டது. கீதம் பாடுவது பற்றிய கல்வித் துறையின் சுற்றறிக்கைக்குச் சட்டத்தின் பலம் கிடையாது என்றும் சொன்னது. இதை 1985 ஜூலையிலேயே யாராவது ஒருவர் சொல்லியிருந்தால் போதும், டெல்லிவரை போயிருக்கவே வேண்டாம். ஒழுங்கு கெட்டிருந்தால் நானும் உங்கள் பக்கம்தான் நிற்பேன். அங்கே என்ன கெட்டுப்போனது, சொல்லுங்கள்?

அப்புறம் போலீஸ். 2012 நவம்பரில் சிவசேனைத் தலைவர் பால் தாக்கரே மறைவை ஒட்டி மும்பை அடைபட்டுக் கிடந்ததைக் கேள்வி கேட்டு, மகாராஷ்டிராவின் பால்கரில் ஒரு இளம்பெண் ஃபேஸ்புக்கில் எழுதினார். அவர் தோழி அதற்கு லைக் போட்டார். இருவரையும் கைது செய்தார்கள். அதற்குச் சில வாரங்கள் முன்புதான் புதுச்சேரியில் ஒருவரை, அப்போதைய மத்திய அமைச்சரின் மகனைப் பற்றி ட்வீட் போட்டதற்காகக் கைது செய்திருந்தார்கள். கைக்கு வசதியாக இருந்தது தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவு. தொந்தரவு, அசௌகரியம் என்று எதையும் உள்ளே போடலாம், மூன்று வருடம்வரை சிறை. ஸ்ரேயா சிங்கால் என்ற சட்ட மாணவி வழக்குத் தொடுத்து, 2015 மார்ச் 24 அன்று உச்ச நீதிமன்றம் அந்தப் பிரிவை முழுவதுமாக ரத்து செய்தது. கதை அதோடு முடிந்திருக்க வேண்டும். ஆனால் 2021-லும் காவல் நிலையங்களில் 66ஏ-யில் வழக்குப் பதிவாகிறது என்று கேட்டு நீதிபதிகளே அதிர்ந்துபோனார்கள். இனி யார் மேலும் அதில் வழக்குப் போடாதீர்கள் என்று 2022 அக்டோபரில் மறுபடி உத்தரவிட வேண்டியிருந்தது. செத்த சட்டத்தில் கைதானவருக்கு, நீதிமன்றம் விடுவிக்கும் என்பது என்ன ஆறுதல்? லாக்கப்பும், ஜாமீனுக்கு அலைச்சலும், பறிபோன போனும் அதற்குள் நடந்து முடிந்திருக்கும்.

கலவரம் வரும் என்கிறீர்கள். 1989-ல் ஒரு தமிழ்ப் படத்தின் வழக்கில் இதே வாதம் வந்தது. மிரட்டலும் வன்முறையும் வரும் என்று சொல்லி அரசு கருத்தை ஒடுக்க முடியாது, வன்முறையைத் தடுப்பதுதான் அரசின் வேலை என்றது உச்ச நீதிமன்றம். கல்லெடுப்பவனைப் பிடியுங்கள், பேசியவனை விட்டுவிடுங்கள். எளிமையான விஷயம் இது, ஆனாலும் ஒவ்வொரு முறையும் தலைகீழாகவே நடக்கிறது.

2025 மார்ச்சில் காங்கிரஸ் எம்.பி. இம்ரான் பிரதாப்கடி வழக்கில் வந்த தீர்ப்பை நான் மிகவும் மதிக்கிறேன். ஒரு கவிதை ஒலிக்கும் வீடியோவைப் பகிர்ந்ததற்காக அவர் மீது குஜராத்தின் ஜாம்நகரில் வழக்குப் பதிந்தார்கள். அந்த வழக்கை ரத்து செய்ய குஜராத் உயர் நீதிமன்றம் மறுத்தது, உச்ச நீதிமன்றம் செய்தது. அதோடு நிற்காமல், மூன்றிலிருந்து ஏழு வருடத்துக்குள் தண்டனை உள்ள பேச்சுக் குற்றப் புகார் என்றால், எஃப்.ஐ.ஆர். போடுமுன் மேலதிகாரியின் அனுமதியோடு முதல்கட்ட விசாரணை நடத்துவதே எப்போதும் முறை என்றது. புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் (பி.என்.எஸ்.எஸ்.) 173(3) பிரிவு அதற்குப் பதினான்கு நாள் தருகிறது. பாதுகாப்பு காவல் நிலையத்து வாசலிலேயே தொடங்க வேண்டும் என்பது என் ஆசை. இந்தத் தீர்ப்பு அதை நோக்கித்தான் போகிறது.

வேலை செய்யும் இடம் பற்றி. அரசு ஊழியரானதால் ஒருவர் உரிமையை இழந்துவிடுவதில்லை என்று 1962-லேயே, பீகார் ஊழியர்களின் வழக்கில் தீர்ப்பாகிவிட்டது. வேலைநிறுத்தத்துக்கு உரிமை இல்லை, ஆனால் எந்த ஆர்ப்பாட்டமும் கூடாது என்ற விதி செல்லாது என்றார்கள். ஆனாலும் திரிபுராவில் ஓய்வு பெறச் சில நாட்களே இருந்த ஒரு மீன்வளத் துறை ஊழியரை, ஃபேஸ்புக் பதிவையும் ஒரு கூட்டத்துக்குப் போனதையும் காட்டி சஸ்பெண்ட் செய்தார்கள். 2020-ல் உயர் நீதிமன்றம் அவர் பக்கம் நின்றது. அதற்குள் அவர் ஓய்வு வயதைத் தாண்டிவிட்டார்.

இவருக்காவது கேட்க ஒரு சாசனம் இருந்தது. தனியார் கம்பெனியில் இருப்பவருக்கு அதுவும் எளிதில் எட்டாது. நிறுவனத்தின் ரகசியத்தையோ வாடிக்கையாளர் விவரத்தையோ வெளியே சொன்னால் நடவடிக்கை எடுக்கட்டும், அதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் மாலை வீட்டுக்கு வந்தபிறகு தேர்தலைப் பற்றியோ சாதியைப் பற்றியோ எழுதியதற்கு ஹெச்.ஆர். கூப்பிட்டு ராஜினாமா கடிதம் கேட்பது எந்தச் சம்பளத்துக்குள் அடங்கும்? குற்றச்சாட்டை எழுத்தில் கொடுக்கட்டும், பதில் சொல்ல அவகாசம் தரட்டும், பதிவுக்கும் வேலைக்கும் என்ன சம்பந்தம் என்று நிர்வாகமே நிரூபிக்கட்டும். அதற்குப் பிறகு வேலையை விட்டு எடுப்பதைப் பற்றிப் பேசலாம்.

அன்புடன்.