நள்ளிரவில் வெயில் அடித்தால்: ஏபிஐ வழியே கதிர்வீச்சுத் தரவு இறக்குவோருக்கு

கேள்வி: சோலார் மின்நிலையம் ஒன்றின் உற்பத்தியைக் கணிக்கும் புராஜெக்ட் செய்கிறேன். நாசா பவர் (நாசாவின் வானிலை, கதிர்வீச்சுத் தரவுச் சேவை) ஏபிஐயிலிருந்து, அதாவது நிரல் வழியே தரவு கேட்கும் வாயிலிலிருந்து, சில ஆண்டுகளின் மணிவாரிக் கதிர்வீச்சு, வெப்பநிலை, காற்றுவேகம் மூன்றையும் பைதான் ஸ்கிரிப்ட் எழுதி இறக்கினேன். யூடிசி (உலகப் பொது நேரம்) நேரத்தோடு ஐந்தரை மணி கூட்டி உள்ளூர் நேரமாக்கினேன். வரைந்து பார்த்தால் மாலை ஐந்தரை வாக்கில் உச்சி வெயில். இரவு பதினொரு மணிக்கும் கொஞ்சம் ஒளி இருக்கிறது. தவிர, கடைசி 12 மாதக் கூட்டுத்தொகை மட்டும் மற்ற ஆண்டுகளைவிட ரொம்பக் குறைவு. தப்பு ஏபிஐயிலா, என்னிடமா?

பதில்: ஏபிஐ சரியாகத்தான் கொடுத்திருக்கிறது. நீங்கள் கேட்காமல் விட்ட ஒன்றை அது தானாக முடிவு செய்துகொண்டது, அவ்வளவுதான்.

நாசா பவரில் எந்த நேர முறை வேண்டும் என்று சொல்லாமல் விட்டால், மணிவாரித் தரவு உள்ளூர்ச் சூரிய நேரத்தில் வரும். தீர்க்கரேகையை 15ஆல் வகுத்து வரும் மணிக்கணக்கு அது. கடிகார நேரமும் இல்லை, யூடிசியும் இல்லை. அதில் உச்சி வெயில் ஏற்கெனவே பன்னிரண்டு மணியை ஒட்டித்தான் இருக்கும். அதன் மேல் நீங்கள் இன்னொரு ஐந்தரை மணியைக் கூட்டியதால் நண்பகல் மாலைக்குப் போய்விட்டது. கோரிக்கையிலேயே நேர முறை யூடிசி என்று எழுதிவிடுங்கள். கணக்கு முழுவதையும் யூடிசியிலேயே வைத்துக்கொண்டு, படம் வரையும்போது மட்டும் உள்ளூர் நேரத்துக்கு மாற்றுங்கள்.

இதே இடத்தில் இன்னொரு நுணுக்கமும் உண்டு. நீங்கள் எழுதாததால் கேட்கிறேன்: 10 மணி என்ற வரியில் உள்ள எண் எந்த அறுபது நிமிடத்துக்கு உரியது? ஓப்பன்-மீட்டியோ என்ற வானிலைத் தரவுத் தளத்தில் அது 9 முதல் 10 வரையிலான சராசரி. அமெரிக்காவின் தேசிய சூரியக் கதிர்வீச்சுத் தரவுத்தளமான என்எஸ்ஆர்டிபியில் மணிவாரித் தரவு கேட்டால் நேர முத்திரை மணியின் நடுவில், 30ஆவது நிமிடத்தில் இருக்கும். ஐரோப்பிய ஆணையத்தின் சூரிய மின்சாரத் தரவுத் தளமான பிவிஜிஐஎஸ்ஸில் மணி கடந்து சில நிமிடங்கள் தள்ளி இருப்பதைப் பார்க்கலாம். செயற்கைக்கோள் அந்த இடத்தைப் படம் எடுத்த நேரத்தை ஒட்டியது அது. அரை மணிதானே என்று விட முடியாது. அரை மணியில் பூமி 7.5 பாகை சுற்றிவிடும். சாய்ந்த பேனலுக்குக் கதிர்வீச்சை மாற்றும்போது காலை, மாலைக் கணக்கெல்லாம் இதனால் கோணலாகிவிடும்.

அடுத்தது, குறைந்துபோன கூட்டுத்தொகை. கோப்பின் கடைசிப் பக்கத்தைத் திறந்து பாருங்கள், -999 என்ற எண் வரிசையாக நிற்கும் என்று நினைக்கிறேன். அது கதிர்வீச்சு அல்ல, “தரவு இல்லை” என்பதன் குறி. நாசா பவரில் கதிர்வீச்சுத் தரவு தாமதமாகத்தான் வந்து சேரும். அதுவரை அந்த இடங்களில் இந்தக் குறிதான் இருக்கும். பத்து நாளுக்குத் தரவு இல்லை என்று வைத்துக்கொள்வோம். 240 மணி, ஒவ்வொன்றிலும் -999. கூட்டினால் சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 240 கிலோவாட்-மணி காற்றில் போய்விடும். நல்ல வெயிலுள்ள இடத்தின் ஆண்டு மொத்தமே 1,800, 2,000 என்றுதான் இருக்கும். கோப்பைப் படிக்கும் வரியிலேயே -999ஐ வெற்று மதிப்பாக மாற்றச் சொல்லுங்கள். பூஜ்யமாக மாற்றிவிடாதீர்கள், இரவின் உண்மையான பூஜ்யத்தோடு அது கலந்துவிட்டால் பிறகு பிரிக்க முடியாது.

அலகுகளில் மூன்று பொறிகள் இருக்கின்றன. நாசா பவரில் பயனர் பிரிவு என்று ஒரு அளபுரு உண்டு. தினசரித் தரவு கேட்கும்போது புதுப்பிக்கத்தக்க ஆற்றல் என்று கொடுத்தால் கதிர்வீச்சு கிலோவாட்-மணியிலும், வேளாண்மை என்று கொடுத்தால் மெகாஜூலிலும் வரும். 18 மெகாஜூல் என்பது 5 கிலோவாட்-மணி, 3.6ஆல் வகுக்க மறந்தவர்கள் பாலைவனத்திலும் கிடைக்காத வெயிலைக் கண்டுபிடிப்பார்கள். இரண்டாவது, ஈஆர்ஏ5 என்ற ஐரோப்பிய வானிலை மறுபகுப்பாய்வுத் தரவை நேரடியாக இறக்கினால் கதிர்வீச்சு ஒரு மணி நேரத்துக்குச் சேர்ந்த ஜூலாக இருக்கும், 3,600ஆல் வகுத்தால்தான் வாட். மூன்றாவது காற்று. நாசா பவர் வினாடிக்கு மீட்டரில் கொடுக்கும். ஓப்பன்-மீட்டியோ, நீங்கள் வேறு கேட்காவிட்டால், மணிக்குக் கிலோமீட்டரில் கொடுக்கும். 36 என்ற எண்ணைப் பார்த்துப் புயல் என்று நினைத்துவிடாதீர்கள், அது வினாடிக்கு 10 மீட்டர்தான்.

இறக்கும் முறையைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. பத்து ஆண்டை ஒரே மூச்சில் கேட்காமல் ஆண்டுக்கு ஒரு கோரிக்கையாக அனுப்புங்கள். வந்த பதிலை அலசுவதற்கு முன் அப்படியே வட்டில் சேமித்துவிடுங்கள்; ஸ்கிரிப்ட்டில் பிழை வந்தால் திரும்ப சர்வரைத் தொந்தரவு செய்ய வேண்டாம். பதிலின் நிலை எண் 200 தானா என்று பார்த்த பிறகே சேமியுங்கள். இல்லாவிட்டால் சிஎஸ்வி என்று பெயர் வைத்த கோப்புக்குள் ஒரு பிழைச் செய்தி மட்டும் உட்கார்ந்திருக்கும். 429 வந்தால் நீங்கள் அவசரப்படுகிறீர்கள் என்று பொருள்: சற்றுப் பொறுத்து, அப்புறம் இரட்டிப்பு நேரம் பொறுத்து முயலுங்கள். 400 அல்லது 422 வந்தால் எத்தனை முறை அனுப்பினாலும் பயனில்லை, கோரிக்கையையே திருத்த வேண்டும். நாசா பவருக்கும் பிவிஜிஐஎஸ்ஸுக்கும் சாவி (உங்களை அடையாளம் காட்டும் ரகசியக் குறியீடு) தேவையில்லை. என்எஸ்ஆர்டிபிக்குப் பதிவு செய்து சாவி வாங்க வேண்டும். அந்தச் சாவியை ஸ்கிரிப்ட்டுக்குள் எழுதி கிட்ஹப்பில் ஏற்றிவிடாதீர்கள்.

என்எஸ்ஆர்டிபிக்குப் போனால் இன்னொன்றையும் கவனியுங்கள்: புள்ளியைக் குறிக்கும்போது அங்கே தீர்க்கரேகை முதலில், அட்சரேகை பிறகு. நான் ஒருமுறை மாற்றிக் கொடுத்துவிட்டு இரண்டு நாள் விழித்துக்கொண்டிருந்தேன். பிழை எதுவும் வரவில்லை, தரவு அழகாக வந்தது. பகலுக்கும் இரவுக்கும் வெப்பநிலை ஒரு டிகிரிகூட மாறாததைப் பார்த்த பிறகுதான் என் மின்நிலையம் நடுக்கடலில் இருப்பது புரிந்தது. அதே தளத்தில் லீப் நாளையும் கேட்டு வாங்க வேண்டும். கேட்காவிட்டால் லீப் ஆண்டிலும் 8,784 வரிக்குப் பதில் 8,760தான் வரும்.

இவ்வளவும் சரிசெய்த பின் ஒரு மேகமில்லாத நாளை மட்டும் எடுத்துக் கண்ணால் பாருங்கள். வளைவு நண்பகலின் இருபுறமும் ஒரே மாதிரி இறங்க வேண்டும். மணிச் சராசரி 1,361 வாட்டைத் தாண்டக் கூடாது, வளிமண்டலத்துக்கு வெளியே கிடைப்பதே அவ்வளவுதான். நேரடி, சிதறிய கதிர்வீச்சு இரண்டையும் இறக்கியிருந்தால் இன்னும் நல்லது. சூரியன் உச்சியிலிருந்து 60 பாகை சாய்ந்திருக்கும் மணியில் நேரடி 700, சிதறியது 120 என்றால், 60 பாகையின் கோசைன் அரை என்பதால் 700இல் பாதியான 350உம் 120உம் சேர்ந்து கிடைமட்ட மொத்தம் 470க்குப் பக்கத்தில் இருக்க வேண்டும். பெரிதாக விலகினால் உங்கள் நேர முத்திரை இன்னும் தவறாக இருக்கிறது.

கடைசியாக, நாசா பவரின் கதிர்வீச்சுக் கட்டம் ஒரு பாகை அகலம். வடக்கு தெற்காக ஏறத்தாழ 110 கிலோமீட்டர். பக்கத்துப் பக்கத்து ஊர் இரண்டுக்கும் ஒரே எண் வந்தால் ஸ்கிரிப்ட்டைச் சந்தேகிக்காதீர்கள். மலையோரமோ கடலோரமோ என்றால் பிவிஜிஐஎஸ் போன்ற சில கிலோமீட்டர் நுணுக்கமுள்ள தரவு உங்கள் இடத்துக்குக் கிடைக்கிறதா என்று பார்த்து அதையே எடுங்கள். பைதானில் பிவிலிப் நூலகம் அதை இறக்கிக் கொடுத்துவிடும். ஆனால் அதன் நேர முத்திரையையும் ஒருமுறை வரைந்து பாருங்கள்.