ஜேகே போற பிள்ளைக்கு கொப்பி வேண்டாம், பழைய சட்டை போதும்

தங்கச்சி, நாலு வயசு மகளை செப்டம்பர்ல இஞ்ச கனடாவில ஜேகேல, அதான் ஜூனியர் கிண்டர்கார்டன்ல, விடப்போறன், வகுப்பைப் போய்ப் பார்த்தா மண்ணும் தண்ணியும் கட்டையும்தான் கிடக்கு, கொப்பி பென்சில் ஒண்டையும் காணேல்ல, பிள்ளை பின்னுக்குப் போயிடுமோ, இப்பவே ரியூசன் போடவோ எண்டு கேட்டிருக்கிறீங்கள். எந்தப் பக்கம் வீடு எடுக்கிறது, எந்த ஃபோன் பிளான் நல்லது எண்டும் கேட்டிருக்கிறீங்கள், அதுக்கு இஞ்ச கனபேர் சொல்லுவினம், அதை விடுவம். பிள்ளையின்ர கதைக்கு வாறன், உங்கட கேள்வியை வாசிக்க எனக்கு 2001 ஜனவரி அப்பிடியே கண்ணுக்கு முன்னால வந்திட்டுது.

நாங்கள் ரொறன்ரோவில, ஸ்காபுறோப் பக்கம் ஒரு பேஸ்மென்ற்ல வந்து இறங்கி ரெண்டாம் கிழமை மகளை ஜேகேல சேர்த்தது. அப்ப அரை நாள்தான், இப்ப இருக்கிற முழுநாள் கிண்டர்கார்டன் 2010ல தொடங்கி 2014லதான் ஒன்ராறியோ மாகாணம் முழுக்க வந்தது. முதல் நாள் எண்டு கொழும்பில வாங்கின மஞ்சள் சட்டையைப் போட்டு, தலை இழுத்து, பொட்டும் வைச்சு அனுப்பினன். மத்தியானம் கூட்டப் போனா சட்டை முழுக்க நீல பெயின்ற். வீட்ட கொண்டு வந்து ரெண்டு அடி போட்டன், படிக்க அனுப்பினா ஊத்தை பிரட்டிக்கொண்டு வாறாய் எண்டு. அடுத்த கிழமை ரீச்சர் என்னை மறிச்சு ஏதோ சொன்னா, எனக்கு அவவின்ர இங்கிலீஸ் பிடிபடேல்ல, பக்கத்தில நிண்ட இன்னொரு தமிழ் அம்மாதான் சொன்னவ, உங்கட பிள்ளை பெயின்ற் மேசைக்குப் பக்கத்தில ரெண்டு கையையும் முதுகுக்குப் பின்னால கட்டிக்கொண்டு நிக்கிறாவாம், ஒண்டையும் தொடுறா இல்லையாம், தண்ணித் தொட்டிக்குக் கிட்டவும் போறா இல்லையாம் எண்டு. அண்டைக்கு இரவு எனக்கு நித்திரை வரேல்ல.

பேந்து நான் ரெண்டு வருசம் ஈசீஈ எண்ட, சின்னப் பிள்ளையளைப் பார்த்துப் படிப்பிக்கிற டிப்ளோமா படிச்சு, இப்ப கிண்டர்கார்டன் வகுப்பிலதான் ரீச்சரோட சேர்ந்து வேலை செய்யிறன், அதால அந்தக் கட்டையிலயும் மண்ணிலயும் என்ன நடக்குது எண்டு எனக்குத் தெரியும். தண்ணித் தொட்டியில ஒரு ஒடுங்கின உயரப் போத்தலும் ஒரு அகண்ட கோப்பையும் போட்டிருப்பம். நாலு வயசுப் பிள்ளை உயரமா நிக்கிறதிலதான் கூடத் தண்ணி எண்டு அடிச்சுச் சொல்லும். நாங்கள் பிழை எண்டு சொல்லுறேல்ல. பிள்ளை இதில இருந்து அதுக்கு, அதில இருந்து இதுக்கு எண்டு நாள் நாளா ஊத்திக்கொண்டே நிக்கும், பிறகு ஒருநாள் "ரெண்டும் ஒண்டு" எண்டு தானே சொல்லும். எங்கட அம்மாமார் கொத்தால அரிசி அளந்த கணக்கு அதுதான். கட்டையும் அப்பிடித்தான். ரெண்டு சின்னன் வைச்சா ஒரு பெரிசு, நாலு வைச்சா அதிலயும் பெரிசு எண்டு அளவு பார்த்து வெட்டினது, நியூயோர்க்கில கரோலைன் பிராட் எண்ட ரீச்சர் நூறு வருசத்துக்கு முதல் செய்தது. பாலம் கட்டுற பொடியனுக்கு ஒரு கட்டை காணாமப் போனா அரைக்கட்டை ரெண்டைத் தேடி எடுத்து வைக்கிறான், அதைவிடப் பின்னக் கணக்கு வேற என்ன இருக்கு? பிளேடோ எண்ட விளையாட்டு மாவைப் பிசைஞ்சு, உருட்டி, கிள்ளி விரல் பலத்தாத்தான் நாளைக்குப் பென்சில் கையில நிக்கும். நாங்களும் சிரட்டையில மண்சோறு ஆக்கி வளர்ந்த ஆக்கள்தானே, விஜயதசமிக்கு ஏடு தொடக்கேக்க அரிசியில விரலாலதானே "அ" எழுதினனாங்கள்.

அரிசி எண்டோன்ன ஒண்டு சொல்லோணும். நான் வேலைக்குச் சேர்ந்த புதுசில ரீச்சர் ஒரு பெரிய தொட்டி நிறைய அரிசியைப் பச்சைச் சாயம் போட்டு விளையாட வைச்சிட்டா. பிள்ளையள் அள்ளிக் கொட்டுதுகள், நிலத்தில சிந்தினதை மிதிக்குதுகள். 95 ஒக்டோபர் 30 இரவு யாழ்ப்பாணத்தை விட்டுச் சனம் எல்லாம் இடம்பெயரேக்க மழைக்குள்ள நாவற்குழிப் பாலத்தால நடந்து போன எனக்கு, சாவகச்சேரியில ஒரு கொத்து அரிசிக்கு வரிசையில நிண்ட எனக்கு அதைப் பார்த்துக்கொண்டு நிக்க ஏலேல்ல. பொறுமையா ரீச்சருக்குச் சொன்னன், எங்களுக்கு அரிசி காலில படக்கூடாது, ஏன் எண்டும் சொன்னன். அவ முழுக்கக் கேட்டா. திங்கக்கிழமை தொட்டிக்குள்ள கூழாங்கல்லும் பைன் மரத்துக் காயும் கிடந்தது. இதை ஏன் சொல்லுறன் எண்டா, உங்கட மனசுக்கு ஒவ்வாதது இருந்தா வாயைத் திறந்து சொல்லுங்கோ, வடிவாச் சொன்னாக் கேப்பினம்.

ஆனா ரியூசன் போடாதேங்கோ. இஞ்ச இருவது வருசமா இருக்கிற எங்கட ஆக்களே புதுசா வாறவைக்கு "இவங்கள் ஒண்டும் படிப்பிக்க மாட்டாங்கள், இப்பவே சேர்த்து விடு" எண்டு பயம் காட்டுறது எனக்குப் பத்திக்கொண்டு வரும். நாள் முழுக்க வகுப்பில ஓடியாடின பிள்ளையைப் பின்னேரம் கொண்டுபோய் ஏ பி சி எழுத இருத்தினா அது அழாம என்ன செய்யும்? வீட்டில தமிழை விட்டிட்டு உடைஞ்ச இங்கிலீஸ் கதைக்கிறவையும் இருக்கினம், அதையும் செய்யாதேங்கோ, இங்கிலீஸ் பள்ளிக்கூடத்தில தானா வந்திடும்.

செப்டம்பருக்கு முதல் ஏர்லி ஒன் சென்ரர் எண்டு சின்னப் பிள்ளையள் விளையாடுற இடத்துக்குக் கூட்டிக்கொண்டு போங்கோ, காசில்ல, ஆறு வயசு வரைக்கும் போகலாம், நீங்களும் கூட இருக்கலாம், பிள்ளைக்கு இந்த மண்ணும் தண்ணியும் பழகிடும். ஊத்தை பட்டாப் பரவாயில்ல எண்ட சட்டையாப் போட்டு விடுங்கோ, மாத்துச் சட்டை ரெண்டு பாக்கில வையுங்கோ. பனிக்குப் போடுற ஸ்நோ பான்ஸ் போட, சாப்பாட்டுப் பெட்டி திறக்க, ரொய்லெற் போக வீட்டிலயே பழக்குங்கோ, ரெண்டு பேர் இருந்தாலும் இருவத்தஞ்சு பிள்ளைக்கு சிப் பூட்டி முடிய விளையாட்டு நேரம் போயிடும். பின்னேரம் கூட்டிக்கொண்டு வரேக்க "என்ன படிச்சனீ" எண்டு கேக்காதேங்கோ, "இண்டைக்கு என்ன செய்தனீ" எண்டு கேளுங்கோ, கதை கதையா வரும்.

என்ர மகள் கையை முன்னுக்கு எடுக்க மார்ச் ஆகிட்டுது. நான் வகுப்பு வாசலில நிண்டு, ரீச்சர் தந்த பெயின்ற்றுக்குள்ள என்ர கையை முதல் விட்டுக் காட்டினனான், அப்பவும் அவ என்ர முகத்தையே பார்த்துக்கொண்டு நிண்டா. பிறகு ஒருநாள் மத்தியானம் முழங்கை வரைக்கும் ஈரமா, கோட்டுக்குள்ள சட்டைக் கையால தண்ணி சொட்டச் சொட்ட வந்தா. நான் ஒண்டும் சொல்லேல்ல, சட்டையைக் கழட்டி ஹீட்டருக்கு மேல காயப் போட்டன்.