கறுப்பு வளையம் கலமல்ல, காற்று

மூதூரிலிருந்து ஓர் இளம் விஞ்ஞான ஆசிரியை எழுதியிருக்கிறார். தரம் 10இல் 38 பிள்ளைகள், நுணுக்குக்காட்டி ஒன்றே ஒன்று. வெங்காய உரியை வைத்துக் காட்டினால், "ரீச்சர், வட்டம் வட்டமாகக் கறுப்பாத் தெரியுது, இதுதானா கலம்?" என்று கேட்கிறார்களாம். பெரிய வில்லைக்கு மாற்றினால் எல்லாமே மங்கிவிடுகிறதாம். கூடுதலாகப் பெருப்பிக்கும் புதியது ஒன்று கேட்டு எழுதலாமா என்பது அவருடைய கேள்வி.

வேண்டாம் ரீச்சர், இருப்பதே தாராளம். பிள்ளைகள் பார்த்தது காற்றுக்குமிழி. விளிம்பு தடித்துக் கறுத்து, நடு வெளிச்சமாக, அச்சு வைத்தாற்போல வட்டமாக இருந்தால் அது குமிழிதான். வெங்காயக் கலமோ செங்கல் அடுக்கியதுபோல நீட்டு நீட்டாக, ஒன்றோடொன்று ஒட்டிக் கிடக்கும். உரியை மூடும் மெல்லிய கண்ணாடியை, அதாவது மூடித்துண்டை, மேலிருந்து தட்டையாகப் போட்டால் காற்று அகப்பட்டுவிடும். ஒரு விளிம்பை நீர்த்துளியில் தொடவைத்து, மறுபக்கத்தை ஊசியால் தாங்கிக்கொண்டு, மெல்ல மெல்லச் சரித்து இறக்குங்கள்.

அடுத்தது உரி. வெங்காயச் செதிலை மடித்து ஒடித்தால் உட்குழிந்த பக்கத்தில் கண்ணாடிபோல ஒரு சவ்வு தொங்கும், அதுதான் வேண்டும். சுண்டுவிரல் நகத்தில் பாதியளவு போதும். வெட்டியதும் நீரில் போடாவிட்டால் சுருண்டு மடிந்துவிடும், மடிப்புக்குள் எதுவும் விளங்காது. வழுக்கியில், அதாவது கண்ணாடித் தட்டில், விரித்து மூடியபின், ஓரத்தில் ஒரு துளி அயடீன் விட்டு எதிர்ப்பக்கத்தில் வடிதாளை வைத்தால் அயடீன் தானாக உள்ளே ஓடி, ஓரிரு நிமிடத்தில் கலத்தின் கருவானது மஞ்சட் பொட்டாகத் தெரியும்.

வெளிச்சத்திலும் பலர் தவறுகிறார்கள். மங்கலாக இருந்தால் வெளிச்சத்தைக் கூட்டத்தான் கை போகும், ஆனால் நிறமூட்டாத கலம் கிட்டத்தட்ட நீர்போலத் தெளிவாக இருப்பதால் மேடைக்குக் கீழுள்ள துவாரத்தைக் கொஞ்சம் ஒடுக்கினால்தான் கலச்சுவரின் கோடு எழும்பி நிற்கும். கண்ணாடி வைத்த பழைய நுணுக்குக்காட்டி என்றால் யன்னல் பக்கம் திருப்புங்கள், ஆனால் நேர் வெயிலுக்குத் திருப்பவே கூடாது, கண் போய்விடும்.

பெருப்பம் பற்றி: கண் வைக்கும் பார்வைத்துண்டு 10 மடங்கு, கீழேயுள்ள பொருள்வில்லை 4 மடங்கு என்றால் மொத்தம் 40 மடங்கு, அந்த வட்டத்துக்குள் 4 மில்லிமீற்றருக்கு மேல் அடங்கும். 40 வில்லையில் அரை மில்லிமீற்றர்கூட அடங்காது, அதாவது வெங்காயக் கலம் நீளவாக்கில் ஒன்றிரண்டுதான். அதனால் 4இல் தேடி, 10இல் பார்த்துப் படம் கீறுங்கள். 40க்குப் போவதென்றால் பார்க்கவேண்டிய இடத்தை முதலில் வட்டத்தின் நடுவுக்குக் கொண்டுவாருங்கள், பிறகு பெரிய திருகைத் தொடவே வேண்டாம், சின்னத் திருகு மட்டும். அந்த வில்லைக்கும் மூடித்துண்டுக்கும் இடையில் ஒரு மில்லிமீற்றர்கூட இல்லை, பெரிய திருகைத் திருப்பினால் வில்லை மூடித்துண்டில் இடித்துவிடும்.

இனி நான் உங்களைச் செய்யச் சொல்லி வற்புறுத்தும் ஒன்று. சிவப்பு வெங்காயத்தின் வெளிப்பக்கம், ஊதா நிறமாக இருக்கிறதே, அதில் பிளேட்டால் மேலோட்டமாகக் கட்டம் கீறி ஒரு துண்டை உரித்தெடுங்கள். நிறம் முழுக்கப் புன்வெற்றிடத்துக்குள், அதாவது கலத்துக்குள் இருக்கும் சாற்றுப் பைக்குள், இருப்பதால் கலம் ஒவ்வொன்றும் ஊதா நிரப்பிய பெட்டிபோலத் தெரியும். ஓரத்தில் கடல்நீர் ஒரு துளி விட்டு, வடிதாளால் மறுபக்கம் இழுங்கள். சில நிமிடங்களில் ஊதா சுவரைவிட்டு விலகி, மூலைகளில் வெள்ளை இடைவெளி விழுந்து, கடைசியில் நடுவில் உருண்டையாக ஒதுங்கிவிடும். அதே வழியில் நல்ல தண்ணீர் விட்டால் திரும்பவும் விரிந்து சுவரைத் தொடும். முதலுருச் சுருக்கம் என்று புத்தகத்தில் படித்த பிள்ளை, தான் அள்ளிவந்த கடல்நீர் அதைச் செய்வதைப் பார்க்கும்போது வரும் முகத்தை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். அப்புறம் அந்தப் பிள்ளைக்குப் பிரசாரணத்தை, அதாவது உப்புக் கூடிய பக்கத்துக்கு நீர் சவ்வினூடாக நகர்வதை, யாரும் விளங்கப்படுத்தத் தேவையில்லை.

கடல்நீரில் லீற்றருக்கு ஏறத்தாழ 35 கிராம் உப்பு உண்டு. ஆனால் உங்கள் பக்கம் கொட்டியாரக் குடாவில் மகாவலி வந்து விழுவதால் மாரியில் அது குறைந்துபோகும். சுருக்கம் வராவிட்டால் 100 மில்லிலீற்றர் நீரில் 5 கிராம் கறியுப்பைக் கரைத்துக்கொள்ளுங்கள், அதுவும் அதே வேலையைச் செய்யும்.

38 பேருக்கும் எப்படிக் காட்டுவது? போன்தான் வழி. கமராவைப் பார்வைத்துண்டுக்கு மேலே இரண்டு சென்ரிமீற்றர் உயரத்தில் பிடித்து, வெளிச்ச வட்டம் திரையை நிரப்பும்வரை மெதுவாக இறக்குங்கள். கை நடுங்கினால் ஒரு கடதாசிக் குழாயைச் சுருட்டிப் பார்வைத்துண்டில் மாட்டி அதன்மேல் வையுங்கள். சுருக்கத்தை வீடியோ எடுத்து எல்லோருக்கும் காட்டலாம், ஆனால் ஒவ்வொரு பிள்ளையும் ஒருமுறையாவது தன் கண்ணால் பார்க்கட்டும், ஐந்து ஐந்து பேராகப் பிரித்தால் ஒரு இரட்டைப் பாடவேளைக்குள் முடிக்கலாம்.

முடிந்ததும் மேடையை ஈரத்துணியால் துடைத்து, பிறகு உலர்ந்த துணியால் ஒற்றிவிடுங்கள். உப்பு ஒரு இரவு கிடந்தாலே துரு பிடிக்கத் தொடங்கிவிடும். வில்லைக்கு வில்லைத்தாள் மட்டும், சேலைத் தலைப்பு வேண்டாம். நம் கடற்காற்றில் வில்லைக்குள் பூஞ்சணம் பிடிக்கும், அலுமாரியில் சிலிக்கா ஜெல் பைகளைப் போட்டு, அவை ஈரத்தை உறிஞ்சி முடிந்ததும் மாற்றிக்கொண்டிருங்கள்.