பாங்காக்கில் வசிக்கும் பெரியப்பாவை அங்குள்ள புத்தர் கோயிலிலேயே தகனம் செய்ய முடியுமா?

பாங்காக்கில் தனியாக வசிக்கும் உங்கள் பெரியப்பா, தாம் இறந்தால் உடலை ஊருக்கு அனுப்ப வேண்டாம், அங்குள்ள புத்தர் கோயில் ஒன்றிலேயே எரித்துவிட வேண்டும் என்று சொல்கிறார். இந்துவாகவும் அயல்நாட்டவராகவும் இருக்கும் ஒருவருக்கு அது கிடைக்குமா, ஊரில் இருக்கும் நீங்கள் என்ன செய்து வைக்க வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள்.

கிடைக்கும். தாய்லாந்தில் தகனம் பெரும்பாலும் ‘வாட்’ எனப்படும் கோயில் வளாகத்தில்தான் நடக்கிறது. பாலக்காட்டு எல்லையில் சித்தூர் தாலுக்காவைச் சேர்ந்த எங்கள் தாய்மாமா பாங்காக்கின் பாஹுரத் பகுதியில் துணிக்கடை ஒன்றில் வேலை பார்த்து அங்கேயே காலமானவர். அவருடைய காரியத்தை அப்படித்தான் செய்தோம். அவர் என்ன சமயம் என்று கோயிலில் ஒருவரும் கேட்கவில்லை, இறப்புச் சான்றிதழை மட்டும் கேட்டார்கள். கோயிலால் எந்தத் தடையும் வராது. நாள்களைத் தின்பவை காகிதங்கள்தாம்.

மருத்துவமனையில் இயற்கையாக இறந்தால் மருத்துவர் தரும் அறிக்கையே அடிப்படை ஆகும். வீட்டில் இறந்தாலோ காவல்துறைக்கும் தகவல் போக வேண்டும், அவர்கள் சந்தேகப்பட்டால் உடல் பரிசோதனைக்குப் போகும். எப்படியானாலும் 24 மணி நேரத்துக்குள் இறப்பை வட்டார அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும், தாய்லாந்து மொழியில் உள்ள இறப்புச் சான்றிதழை அங்கேதான் தருவார்கள். அயல்நாட்டவரின் உடலை விடுவிக்க, இன்னாரிடம் ஒப்படைக்கலாம் என்று அவருடைய தூதரகம் எழுதித்தரும் கடிதத்தை மருத்துவமனை எதிர்பார்க்கும். இந்தியத் தூதரகம் அதைத் தருவதற்கு, நெருங்கிய வாரிசு தம்மால் வர இயலாதபோது பாங்காக்கில் இருக்கும் ஒருவரை நியமித்து, நோட்டரி முன் கையெழுத்திட்ட அதிகாரக் கடிதம் அனுப்ப வேண்டும். எங்கள் அத்தை ஊரிலிருந்து அனுப்பிய அந்த ஒற்றைத் தாள் கைக்கு வரும்வரை மாமாவின் நண்பர்களால், அத்தனை பேர் இருந்தும், ஒன்றும் செய்ய முடியவில்லை.

பெயரையும் கவனியுங்கள். நம்மில் பலருக்குப் பாஸ்போர்ட்டில் தந்தை பெயரோ வீட்டுப் பெயரோ விரிந்து கிடக்கும், ஆதாரில் தலைப்பெழுத்து மட்டும் இருக்கும், நிலப் பத்திரத்தில் வேறொரு விதமாக இருக்கும். தாய்லாந்து அலுவலகம் பாஸ்போர்ட்டைப் பார்த்துத் தன் எழுத்தில் ஒலிபெயர்த்துக்கொள்ளும். அதை மறுபடி ஆங்கிலத்தில் மொழிபெயர்க்கும்போது எழுத்துகள் மாறிவிட்டால் ஊரில் வங்கியிலும் கிராம அலுவலகத்திலும் அவதிதான். மொழிபெயர்ப்பாளரிடம் பாஸ்போர்ட்டின் நகலைக் கொடுத்து, அதில் உள்ளபடியே எழுதச் சொல்லுங்கள். அந்த மொழிபெயர்ப்பில் தாய்லாந்து வெளியுறவு அமைச்சகத்தின் சான்றும், பிறகு நம் தூதரகத்தின் சான்றும் பெற வேண்டும். வெளிநாட்டில் நேர்ந்த இறப்பை ஊர்ப் பஞ்சாயத்து பதிவதில்லை என்பதால் வாரிசுச் சான்று, போக்குவரவு எனப்படும் நில உரிமை மாற்றம் எல்லாவற்றுக்கும் இதுவே ஆதாரம்.

சடங்கைப் பற்றி உறவினர்களுக்கு முன்பே சொல்லி வையுங்கள், ஏனெனில் அது அந்நியமாக இருக்குமோ என்ற அச்சம் எங்கள் வீட்டுப் பெரியவர்களுக்கு இருந்தது. முதல் நாள் மாலை, உடலைத் துணியால் மூடி வலது கையை மட்டும் வெளியே நீட்டி வைத்திருப்பார்கள். வரிசையில் வருகிற ஒவ்வொருவரும் மல்லிகை இதழ் மிதக்கும் வாசனை நீரைச் சிறு கிண்ணத்தால் மொண்டு உள்ளங்கையில் ஊற்றி, மனத்துக்குள் மன்னிப்புக் கேட்டுக்கொள்வார்கள். விரலிடுக்கில் வழியும் நீர் கீழே வைத்த பாத்திரத்தில் சேரும். அதன்பின் ஒற்றைப்படை எண்ணிக்கையில் சில மாலைகள் நான்கு பிக்குகள் அமர்ந்து பௌத்த மறைநூலான அபிதம்மம் ஓதுவார்கள். எத்தனை மாலை என்பது குடும்பத்தின் வசதியைப் பொறுத்தது, ஒரு மாலையோடு முடித்தாலும் குறையாக எண்ண மாட்டார்கள். வெள்ளிக்கிழமையில் தகனம் செய்வதில்லை. தகனத்தன்று பெட்டியைத் தகன மேடையைச் சுற்றி இடப்பக்கமாக மூன்று முறை கொண்டுவருவார்கள், தேங்காய் உடைத்து இளநீரை முகத்தில் விடுவார்கள், வந்தவர்கள் மெல்லிய மரச்சீவலில் செய்த சந்தனப் பூவை ஆளுக்கொன்று வைப்பார்கள். காணொளியில் பார்த்துக்கொண்டிருந்த அத்தை, ‘இதெல்லாம் நம்ம வழக்கம் மாதிரியேதான் இருக்கு’ என்று சொன்னதும் எங்கள் பாரம் பாதி இறங்கிவிட்டது. மறுநாள் காலையில் எலும்புகளைத் தட்டில் மனித உருவாக அடுக்கி, மலரும் வாசனை நீரும் தெளிப்பார்கள். நம் வழக்கப்படி பால் தெளிக்கலாமா என்று கேட்டோம், தகனப் பணியாளர் தாமே தட்டை நகர்த்தி இடம் விட்டார்.

மண்டப வாடகை, எரிவாயு, பணியாளர் கூலி, பிக்குகளுக்கான காணிக்கை உறை என்று தனித்தனியாகச் செலவு வரும். இவற்றைக் கோயில் அலுவலகத்தில் முன்கூட்டியே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

உடலை ஊருக்குக் கொண்டுவருவதும் சாத்தியமே. பதப்படுத்திய சான்று, தூதரகத்தின் தடையின்மைச் சான்று, ரத்து செய்த பாஸ்போர்ட் ஆகியவற்றோடு விமானச் சரக்காக வரும். வசதியற்ற குடும்பங்களுக்கு 2009-இல் தொடங்கிய இந்தியச் சமூக நல நிதி உதவும், கேரள விமான நிலையங்களிலிருந்து வீடுவரை, வெளிநாடுவாழ் கேரளர்களுக்கான அரசுத் துறையான நோர்க்காவின் ஆம்புலன்ஸ் உண்டு. ஆனாலும், இறப்பவரே அங்கே எரியுங்கள் என்று கேட்டிருக்கும்போது, நான்கு பேர் பார்ப்பதற்காக அவரைப் பெட்டியில் அடைத்துக் கொண்டுவருவதை என்னால் ஏற்க முடியவில்லை. அஸ்தியைக் கைப்பையிலேயே எடுத்து வரலாம். கலயம் உலோகமாக இருந்தால் ஊடுகதிர்ச் சோதனையில் உள்ளிருப்பது தெரியாது. மரத்திலோ துணியிலோ வாங்குங்கள். இறப்புச் சான்றிதழ், கோயில் தரும் தகனச் சான்று, தூதரகக் கடிதம் மூன்றும் கையில் இருக்கட்டும், பெட்டிக்குள் போட்டு அனுப்பிவிட வேண்டாம். நாங்கள் திருநாவாயாவில் பாரதப்புழை ஆற்றில் கரைத்தோம். உங்களுக்குத் திருவில்வாமலைப் பக்கம் ஐவர்மடம் அருகில் இருக்கலாம்.

பெரியப்பா நலமாக இருக்கும்போதே அவர் கைப்பட ஒரு கடிதம் எழுதி வாங்குங்கள். எந்த வாட், எத்தனை மாலை ஓதல், அஸ்தி ஆற்றில் கரைய வேண்டுமா ஊருக்கு வர வேண்டுமா, உடலைப் பெற்றுக்கொள்ளும் நண்பர் யார், அவரது தொலைபேசி எண் என்ன, மருத்துவமனைக் கட்டணத்துக்குப் பணம் எங்கே இருக்கிறது என்பவை அதில் இருக்க வேண்டும். அவருக்கு மனைவி மக்கள் இருந்தால் அவர்களும் அதில் கையெழுத்திடட்டும், ஏனெனில் தூதரகம் கடைசியில் கேட்பது அவர்களுடைய சம்மதத்தைத்தான். தாய்லாந்து மொழிபெயர்ப்போடு ஒரு நகல் அந்த நண்பரிடமும், பாஸ்போர்ட் நகலோடு ஒன்று உங்களிடமும் இருக்கட்டும்.