தடைக்காலப் பணம் எங்கே இருக்கட்டும்?

கேள்வி: மண்டபத்தில் எங்களுக்கு ஒரு விசைப்படகு இருக்கிறது. மீன்பிடித் தடைக்காலம் வந்தால் படகைக் கரையேற்றிப் பலகை மாற்றுவது, இன்ஜின் வேலை, வலை என்று லட்சக்கணக்கில் போகும். வருஷா வருஷம் மே மாதம் என் நகைதான் அடகுக் கடைக்குப் போகிறது. இந்தத் தடவை முன்கூட்டியே நாலு லட்சம் ஒதுக்கிவிட்டேன். ஏப்ரல் வரை தொட வேண்டியதில்லை. என் அக்கா மகன் மியூச்சுவல் ஃபண்ட் ஏஜென்ட். "மணி மார்க்கெட் ஃபண்ட்ல போடுங்க சித்தி, பேங்க் மாதிரிதான்" என்கிறான். போடலாமா?
- வாசகி, மண்டபம்

பதில்: போடலாம். ஆனால் பேங்க் மாதிரி என்று நினைத்துப் போடாதீர்கள்.

பேங்க் டெபாசிட்டுக்கு, ஒரு வங்கியில் ஒருவருக்கு 5 லட்சம் வரை காப்பீடு உண்டு. ஃபண்டுக்கு அப்படி எதுவும் கிடையாது. நீங்கள் போடும் பணத்தை ஃபண்ட் நடத்துகிறவர்கள் மூன்று பேருக்குக் கடனாகக் கொடுக்கிறார்கள். மத்திய அரசுக்குக் கொடுப்பது டிரெஷரி பில். அது 91, 182, 364 நாள் கணக்கில் வரும். வங்கிகளுக்குக் கொடுப்பது சர்டிஃபிகேட் ஆஃப் டெபாசிட். பெரிய கம்பெனிகளுக்குக் கொடுப்பது கமர்ஷியல் பேப்பர். எல்லாமே ஓராண்டுக்குள் திரும்பி வர வேண்டிய கடன்கள். அதற்கு மேல் நீளும் பத்திரத்தை இந்த வகை ஃபண்ட் வாங்கக் கூடாது என்பது ஃபண்டுகளைக் கண்காணிக்கும் செபி அமைப்பின் விதி.

உங்கள் கரையில் வியாபாரி படகுக்காரருக்கு அட்வான்ஸ் கொடுப்பாரே, அது மாதிரிதான். கொடுத்த பணம் திரும்புமா என்பது வாங்கினவர் யார் என்பதைப் பொறுத்தது. 2018-ல் ஐஎல் அண்டு எஃப்எஸ் என்ற பெரிய நிதி நிறுவனக் குழுமம் வாங்கின கடனைக் கட்டாமல் போனபோது, அதன் பத்திரங்களை வைத்திருந்த சில லிக்விட் ஃபண்டுகளின் மதிப்பே சட்டென்று இறங்கியது. மணி மார்க்கெட் ஃபண்டைவிடக் குறுகிய காலக் கடன்களில் போடும் லிக்விட் ஃபண்டுக்கே அந்தக் கதி. அதனால் போடுவதற்கு முன் ஃபண்டின் ஃபேக்ட்ஷீட்டை அக்கா மகனிடம் கேட்டு வாங்குங்கள். யார் யாருக்குக் கடன் கொடுத்திருக்கிறார்கள் என்ற பட்டியல் அதில் இருக்கும். கேள்விப்படாத கம்பெனிகள் நிறைய இருந்தால் வேறு ஃபண்ட் பாருங்கள். ரிஸ்க் கட்டம் ஒன்றும் இருக்கும். அதில் A, B, C என்ற எழுத்து கடன் திரும்பாத ஆபத்தைச் சொல்லும். I, II, III என்ற எண் வட்டி விகிதம் மாறுவதால் வரும் ஆபத்தைச் சொல்லும். உங்களுக்கு A-I இருந்தால் நல்லது. B-I வரை போகலாம்.

வட்டி விகிதம் ஏறினால் கையில் இருக்கும் பழைய பத்திரங்களின் விலை இறங்கும். ஃபண்டில் இருக்கும் கடன்களுக்குச் சராசரியாக ஆறு மாதம் மிச்சம் என்று வையுங்கள். சந்தையில் வட்டி திடீரென்று ஒரு சதவீதம் ஏறினால் மதிப்பு சுமார் அரை சதவீதம் குறையும். நாலு லட்சத்துக்கு இரண்டாயிரம் ரூபாய். மாதம் போகப்போக அந்தப் பள்ளம் தூர்ந்துவிடும். ஆனால் போட்ட மறு வாரமே எடுத்தால் கையைக் கடிக்கலாம்.

லாபம் அதிகம் என்ற ஆசையும் வேண்டாம். டெபாசிட்டைவிட வருஷத்துக்கு அரை சதவீதம் கூடுதலாகக் கிடைத்தாலும், ஒன்பது மாதத்தில் ஆயிரத்து ஐந்நூறு ரூபாய்தான். நான் இதற்குச் சரி சொல்வதற்குக் காரணம் வேறு. ஏப்ரல் 15-ல் தடை தொடங்கினாலும் எல்லாச் செலவும் அன்றைக்கே வராது. முதலில் தச்சர், அப்புறம் மெக்கானிக், கடைசியில் வலை. டெபாசிட்டை நடுவில் உடைத்தால் பெரும்பாலும் அபராதம் பிடிப்பார்கள். இதில் வேண்டியதை மட்டும் எடுத்துக்கொள்ளலாம். எக்ஸிட் லோடு, அதாவது சீக்கிரம் எடுத்தால் பிடிக்கும் கட்டணம், இருக்கிறதா என்று ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள். இந்த வகையில் பெரும்பாலும் இருக்காது.

ஆனால் எடுத்த பணம் அன்றே வராது. மூன்று மணிக்குள் சொன்னால் பெரும்பாலும் அடுத்த வேலை நாளில் கணக்கில் ஏறும். சனிக்கிழமை கடலுக்குப் போகும் படகுக்கு வெள்ளி சாயங்காலம் இதிலிருந்து எடுத்து டீசல் போட முடியாது. அதற்கான பணம் சேமிப்புக் கணக்கிலேயே இருக்கட்டும்.

வரியும் உண்டு. 2023 ஏப்ரல் 1-க்குப் பின் வாங்கியதற்கு, வரும் லாபத்தை மற்ற வருமானத்தோடு சேர்த்துத்தான் கணக்குப் பார்ப்பார்கள். வீட்டுக்காரர் சம்பாதித்துக் கொடுத்த பணத்தை உங்கள் பெயரில் போட்டாலும் லாபம் அவர் வருமானத்தில்தான் சேரும்.

அக்கா மகன் விஷயம். ஏஜென்ட் வழியாகப் போடுவது ரெகுலர் பிளான். அவர் கமிஷன் உங்கள் லாபத்திலிருந்துதான் போகும். டைரக்ட் பிளானில் அந்தச் செலவு இல்லை. ஃபார்ம், கேஒய்சி எல்லாம் அவனே பார்த்துத் தருகிறான் என்றால் அந்தக் கமிஷனைக் கொடுங்கள், தப்பில்லை. கொடுக்கிறோம் என்று தெரிந்து கொடுங்கள்.

கேள்வி: மகளின் கல்லூரிக் கட்டணத்துக்கு வைத்திருக்கும் பணம். ஆறு மாதத்தில் கட்ட வேண்டும். நாங்கள் வட்டி வாங்குவதில்லை. மணி மார்க்கெட் ஃபண்டில் வருவது லாபம்தான், வட்டி இல்லை என்கிறார்கள். உண்மையா?
- வாசகர், கீழக்கரை

பதில்: வட்டிதான். யூனிட் விலை ஏறுவதுபோல் காகிதத்தில் தெரிந்தாலும், உள்ளே இருப்பது முழுக்கக் கடன் கொடுத்து வரும் வருமானம். ஷரியா முறைப்படி நடத்துகிற ஃபண்டுகள் இந்தியாவில் உண்டு. ஆனால் நான் அறிந்தவரை அவை பங்குகளில் போடுகிறவை. ஆறு மாதத்தில் கட்டப்போகும் பணத்தை அங்கே வைத்தால், கட்ட வேண்டிய நாளில் சந்தை இறங்கியிருக்கலாம். வட்டியே தராத நடப்புக் கணக்கு வங்கிகளில் இருக்கிறது. குறைந்தபட்ச இருப்பு எவ்வளவு, கட்டணம் என்ன என்று கேட்டுவிட்டுத் திறங்கள்.